தகரப்பெட்டியின் வருகைப்பதிவு

என் தாய்மாமாவுக்குக் கண்களைக் காட்டிலும் காதுகளின்மீதே நம்பிக்கை மிகுதி. சரோஜினி நகரில் எங்கள் அரசுக் குடியிருப்பின் பின்முற்றத்தில் அமர்ந்து காப்பி அருந்தியபடியே, தெருவில் போகும் ஸ்கூட்டரின் ஓசையைக் கேட்டு, “இவன் பிளக்கைக் கழட்டித் தொடச்சு ஆறு மாசம் ஆச்சு. மார்க்கெட் தாண்ட மாட்டான்” என்பார். சிறிது நேரத்தில் அந்த ஸ்கூட்டர்க்காரர் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவார். இத்தகைய அற்புதத்தை ஒன்பது வயதுக்குள் நான் மும்முறை கண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்பட்ட எந்த உண்மையையும்விட மாமாவின் செவிப்புலன் எனக்கு உறுதியான உண்மையாயிற்று.

அவர் கடற்படையில் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிந்துவிட்டு, கடலே இல்லாத தில்லி மாநகரத்திற்கு வந்து சேர்ந்தவர். யமுனைக் கரையில், ஒரு சிறிய அரசு அலுவலகத்தின் படகுக் கொட்டகையில் இயந்திரங்களைப் பேணுவது அவர் வேலை. எழுபதுகளின் பிற்பகுதி அது. திருமணமாகாதவர் என்பதால் எங்களுடனேயே தங்கியிருந்தார். கோப்புகளோடு காலம் கழித்த என் தந்தைக்கு அவரைச் சீண்டுவதில் ஓர் இன்பம்.

“வருஷத்துல பத்து மாசம் உன் படகு வெயில்ல காயுது. ஒட்டகத்துக்கு லாடம் அடிக்கிற வேலை கூட இதவிடக் கஷ்டம் மாப்பிள்ளை.”

“மிச்சம் ரெண்டு மாசம் இருக்குல்ல அத்தான்” என்பார் மாமா. அவ்வளவுதான்.

அந்தப் பத்து மாதங்களும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை என்னையும் பேருந்தில் கொட்டகைக்கு அழைத்துச் செல்வார். அங்கே அவருக்குத் துணையாக ஒரு முதிய படகோட்டி இருந்தார். யமுனையிலேயே பிறந்து வளர்ந்த குடியினர். நரைத்த மீசையும் நகைக்கும் கண்களும் உடையவர். மாமா அவரைச் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்று அழைப்பார்; அவரோ மாமாவை, பழுதுபார்ப்பவர் என்ற பொருளில், மிஸ்திரிஜி என்பார்.

படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரத்தை இருவருமாகத் தூக்கி வந்து, நீர் நிறைந்த ஒரு பெரிய இரும்புப் பீப்பாயின்மேல் கிடத்திய பலகையில் முடுக்குவார்கள். அதன் வால்பகுதியும் விசிறியும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். மாமா கயிற்றைச் சுற்றி ஒருமுறை இழுப்பார், இருமுறை இழுப்பார். மூன்றாம் முறை அந்த இயந்திரம் உயிர்பெறும்போது தரை அதிரும். நீலப்புகை எழும். ஒரு பீப்பாய் நீர் கணப்பொழுதில் கடலாக மாறிக் கொந்தளிக்கும். நான் கடலைக் கண்டதில்லை. கடல் இப்படித்தான் இருக்கும், சற்றே பெரிதாக, என்று எண்ணிக்கொள்வேன். இயந்திரத்தின் விலாவிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று வெளியே பாய்ந்தபடி இருக்கும்.

“மாமா, இது ஒண்ணுக்குப் போகுது!” என்று நான் கூவினேன்.

என்ன சொன்னேன் என்று சாச்சா வினவ, மாமா இந்தியில் எடுத்துச் சொல்ல, அந்த முதியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“போகட்டும். சூட்டைத் தணிச்சுட்டு வர்ற தண்ணி அது. நின்னாத்தான் வைத்தியம் பாக்கணும்” என்றார் மாமா.

பிறகு அவர் கண்களை மூடிக்கொண்டு, சுருதி சேர்க்கும் வித்துவான் தம்பூராவின்மேல் செவி சாய்ப்பதுபோல் அந்த இரைச்சலின்மேல் தலை சாய்ப்பார். ஒரு திருகாணியை மயிரிழையளவு திருப்புவார். எனக்கு எந்த வேறுபாடும் கேட்காது. அவர் முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று தன் இடத்தில் சென்று அமர்ந்த அமைதி தோன்றும். அவ்வேளைகளில் மூச்சுவிடவும் எனக்கு அச்சமாயிருக்கும்.

இயந்திரத்திற்கு அடுத்தபடி என்னை மயக்கியது ஒரு தகரப்பெட்டி. முன்னொரு காலத்தில் பிஸ்கட்டுகள் இருந்த பெட்டி அது. இப்போது அதனுள் மெழுகுத்தாளில் பொதிந்த பிளக்குகள் இரண்டு, இயந்திரத்தை இழுத்துக் கிளப்பும் கயிறு ஒன்று, தண்ணீர் இறைக்கும் சிறிய ரப்பர்ச் சக்கரம், ரப்பர் வளையங்கள், குறடு, சுத்தியல், உப்புத்தாள் எல்லாம் குடியிருந்தன. படகு கரையை விட்டுப் புறப்படுமுன் இப்பெட்டிக்கு வருகைப்பதிவு நடைபெறும். மாமா ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்வார். சாச்சா அப்பொருளை எடுத்துக் காட்டி, “ஹாஜிர்!” என்பார். வகுப்பறையில் நாங்கள் எழுந்து நின்று ‘உள்ளேன்’ என்று சொல்வோமே, அதே தொனியில்.

இறுதியாக வருவது, ஆங்கிலத்தில் ‘பின்’ என்று அவர்கள் அழைக்கும் பொருள். மாத்திரைகள் அடைத்து விற்கும் ஓர் அலுமினியக் குழாய்க்குள் விரலின் இரு கணு நீளத்தில் ஆறு பித்தளைக் குச்சிகள். விசிறியையும் அதைச் சுழற்றும் தண்டையும் இணைப்பது இத்தகைய ஒரு குச்சிதான். நீருக்குள் கல்லிலோ கட்டையிலோ விசிறி மோதினால் குச்சி முறிந்துவிடும், இயந்திரம் தப்பிக்கும். உடனே புதுக் குச்சியைச் செருகிக்கொள்ள வேண்டும். “இது ஒண்ணுதான் உடையறதுக்குன்னே செஞ்சது” என்று மாமா ஒருமுறை சொல்லியிருக்கிறார். குழாயை மட்டும் சாச்சா திறந்து காட்டுவதில்லை. மாமாவின் காதருகே குலுக்குவார். பித்தளை கலகலக்கும். மாமா தலையசைப்பார். “ஹாஜிர்!”

நான் பார்த்த காலமெல்லாம் அக்குச்சிகளில் ஒன்றேனும் முறிந்ததில்லை. அவை குழாய்க்குள் சும்மாவே கிடந்தன. பொன்னிறமாக மின்னிக்கொண்டு, ஒருவருக்கும் பயனின்றி.

அந்த ஆண்டு நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு மாடிவீட்டுச் சிறுமி தன் கொலுவின் அடிப்படியில் ஒரு விலங்குக்காட்சிச் சாலையை அமைத்துக் குடியிருப்பு முழுவதன் புகழையும் அள்ளிக்கொண்டாள். என் கொலுவில் மணலும் முளைவிட்ட கடுகுமே இருந்தன. இம்முறை நான் ஒரு பூங்கா அமைக்கத் திட்டமிட்டேன். கட்டிலுக்கு அடியில், காலணிப் பெட்டி ஒன்றில், அதற்கான ஒத்திகை இரகசியமாய் நடந்துவந்தது. கண்ணாடித் துண்டு குளமாயிற்று. குளத்தைச் சுற்றி விளக்குக் கம்பங்கள் தேவைப்பட்டன.

ஆற்றில் நீர் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும் மாமா அந்தத் தகரப்பெட்டியை வீட்டுக்குக் கொணர்ந்து, முற்றத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசினார். குளிக்க அவர் உள்ளே சென்ற நேரத்தில் நான் பித்தளைக் குச்சிகளை எடுத்துக்கொண்டு, ஆறு சிலேட்டுக் குச்சிகளை அதே நீளத்திற்கு முறித்துக் குழாய்க்குள் இட்டேன். குலுக்கிப் பார்த்தேன். ஓசை சற்று மங்கலாக இருந்தது. ஆயினும் ஓசை இருந்தது. நவராத்திரி முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவதாக என் மனச்சான்றுக்கு ஒரு வாக்குறுதியும் அளித்தேன். ஒன்பது வயதில் மனச்சான்று எளிதில் உடன்பட்டுவிடுகிறது.

மூன்றாம் நாள் யமுனை கரைகடந்தது. பள்ளிக்கு விடுமுறை. மாமா இரண்டு நாட்களாக வீடு திரும்பவில்லை. தாயார் நான்கு அடுக்குப் பித்தளைத் தூக்கில் புளியோதரையும் தயிர்சாதமும் நிரப்பி, அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தின் தலையில் குறுக்குக் கம்பியைச் செருகித் தந்தையிடம் தந்தார். நானும் வருவேன் என்று அழுதேன். வெள்ளம் பார்க்கும் ஆவல்தான். குச்சிகளின் நினைவே அப்போது எனக்கில்லை.

கரைமேட்டில் ஏறி நின்றதும் நான் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டேன். நான் அறிந்த யமுனை மணலுக்கு நடுவே ஒடுங்கி நெளியும் ஒரு சிற்றாறு. இதுவோ எதிர்க்கரையே இல்லாமல் வானத்தின் விளிம்புவரை பரந்து, மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில், ஓசையே இன்றி நகர்ந்தது. அந்த அமைதிதான் அச்சுறுத்தியது. கூரைகள் மிதந்து சென்றன. பூசணிக்காய்கள் கூட்டமாகச் சென்றன. ஒரு கயிற்றுக்கட்டில், யாரோ அதன்மேல் படுத்துறங்குவதுபோல, நிதானமாகச் சென்றது. கீழே தொலைவில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களில் மோதும் இடத்தில் மட்டும் நீர் வெண்மையாகச் சீறியது. ஆற்றின் நடுவே, காய்கறித் தோட்டங்கள் இருந்த இடத்தில், நீரிறைக்கும் அறை ஒன்றின் கூரை தெரிந்தது. அதன்மேல் ஒரு பெண், ஒரு கிழவர், குழந்தைகள் மூவர். அந்தப் பெண் ஒரு சிவப்புத் துணியை ஓயாமல் வீசிக்கொண்டிருந்தாள். நீர் கூரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

கொட்டகைக்குள் மாமா படகைத் தள்ள ஆயத்தமாக இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூக்கைக் கண்டதும், “அக்கா குடுத்துச்சா? படகுல வை பாப்பா. அந்தப் புள்ளைங்க ரெண்டு நாளாப் பட்டினி” என்றார். நானே அதைக் கொண்டுபோய்ப் படகுக்குள் வைத்தேன்.

பிறகு வருகைப்பதிவு தொடங்கியது.

“இப்பவுமா மாப்பிள்ளை? அங்க உசுரு போகுது” என்று தந்தை பதறினார்.

“இப்பதான் அத்தான் வேணும்.”

பிளக், ஹாஜிர். கயிறு, ஹாஜிர். தகரக் கூரையின்மேல் மழை கல்லெறிவதுபோல் கொட்டியது. வெளியே மக்களின் கூக்குரல். “பின்!” என்றார் மாமா. சாச்சா குழாயைக் குலுக்கினார். மாமா ஒரு நொடி தலை சாய்த்தார். அந்தக் காது கண்டுபிடித்துவிடும் என்றே நான் நம்பினேன். கண்டுபிடிக்க வேண்டும் என்று வேண்டியும் கொண்டேன், நான் வாய்திறவாமலே அது நடந்துவிட வேண்டும் என்று. மாமா தலையசைத்தார்.

“ஹாஜிர்!”

படகு புறப்பட்டுவிட்டது.

பாதித் தொலைவு வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. திடீரென்று படகு ஒரு குலுங்கு குலுங்கியது. தோட்டத்து வேலியின் கல்தூண் ஏதோ நீருக்கடியில் நின்றிருக்க வேண்டும். அடுத்த கணம் இயந்திரம் வீரிட்டு அலறியது. பாரம் இழந்த இயந்திரத்தின் அலறல் அது. மாமா அதை நிறுத்தினார். படகு குறுக்காகத் திரும்பி, பாலத்தை நோக்கி இழுபடத் தொடங்கியது.

“என்ன ஆச்சு? ஏன் நிக்குது?” என்று தந்தை கேட்டார்.

“பின் உடஞ்சிருச்சுப்பா.”

“அதான் பெட்டி நிறைய வச்சிருக்கானே!”

“பின் நம்ம வீட்ல இருக்குப்பா. கட்டிலுக்கு அடியில.”

தந்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என் கையை இன்னும் இறுகப் பற்றினார். அடித்திருக்கலாம்.

சாச்சா நீண்ட துடுப்பை ஊன்றிப் போராடினார். மாமா இயந்திரத்தைச் சாய்த்து விசிறியை நீருக்கு வெளியே தூக்கிவைத்து, குழாயைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். கையைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தார். தலை நிமிர்த்திக் கரையைப் பார்த்தார். அத்தனை தொலைவிலிருந்து கூட்டத்தில் என்னை அவர் பிரித்தறிந்திருக்க இயலாது. ஆனால் என்னைத்தான் பார்த்தார். கூரைமேல் நின்ற பெண்ணின் கை தாழ்ந்தது. சிவப்புத் துணி வீசப்படாமல் தொங்கியது.

அப்போது மாமா சட்டென்று குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் எங்கள் பித்தளைத் தூக்கு இருந்தது. அதன் குறுக்குக் கம்பியை உருவி எடுத்தார். குறட்டால் நறுக்கினார். உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு. படகின் பின்விளிம்பில் வயிறு படியக் கவிழ்ந்து, தலை நீரைத் தொட, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். பாலத்தின் தூண் ஒரு பனைமரத் தொலைவில் இருந்தது. தூணைச் சுற்றிய வெண்ணுரை படகுக்குள் தெறித்தது. அவர் கைகள் மட்டும் எங்கள் முற்றத்தில் அமர்ந்து வேலை செய்வனபோல் அவசரமின்றி இயங்கின.

கயிற்றை ஒருமுறை இழுத்தார். இருமுறை இழுத்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது இழுப்பின் ஓசையை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. எத்தனையோ பெருஞ்சபைகளில் இசை கேட்டிருக்கிறேன். அதற்கு நிகரான நாதத்தைக் கேட்டதில்லை. படகு தூணுக்கு முன்னே ஒரு கணம் அசையாமல் நின்றது; பின்பு அத்துணை பெரிய ஆற்றையும் எதிர்த்து அங்குலம் அங்குலமாக மேலேறியது. கூரைமேல் சிவப்புத் துணி மீண்டும் பறந்தது.

ஐவரும் கரைசேர்ந்தனர். குழந்தைகளின் கன்னங்களில் புளியோதரையின் மஞ்சள் எண்ணெய் மின்னியது. மாமா சணற்கயிற்றால் கட்டிய தூக்கைத் தந்தையிடம் நீட்டி, “அக்காகிட்ட சொல்லிருங்க அத்தான், கம்பி டியூட்டில இருக்குன்னு” என்றார்.

அதற்குள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்திறங்கினார். நடந்ததைக் கரையில் நின்றோர் சொல்லக் கேட்டிருந்தார். தகரப்பெட்டியைத் தாமே திறந்து கிளறிப் பார்த்தார். மாற்றுப் பின் எங்கே என்று இந்தியில் உறுமினார். சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவரைக் கையமர்த்தி முன்னே வந்தார்.

“கல்தி மேரீ ஹை, சாஹப்.” தவறு என்னுடையது ஐயா.

அத்தனை பேர் முன்னிலையிலும் அந்த அதிகாரி அவரை வசைபாடினார். சற்றுமுன் அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடிய கூட்டம் வேடிக்கை பார்த்தது. மாமா தலைகுனிந்து நின்றார். நனைந்த சட்டைப்பையில் சிலேட்டுக் குச்சிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காக மாமா பொய் சொல்கிறார் என்று நான் எண்ணினேன். அந்தப் பொய்யின் பெருமை என்னை நசுக்கியது.

மறுநாள் பிற்பகல் அவர் உறங்கி எழுந்தபோது, காப்பிக் குவளைக்கருகில் ஆறு பித்தளைக் குச்சிகளும் வரிசையாக இருந்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“வெளிய வா பாப்பா” என்றார். வந்தேன். குச்சிகளை என் கையிலேயே திரும்ப வைத்தார்.

“புதுசு வாங்கிப் போட்டுட்டேன். இது கொலுவுக்கு இருக்கட்டும். கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்ல?”

நவராத்திரியில் கண்ணாடிக் குளத்தைச் சுற்றி அக்கம்பங்கள் நின்றன. மாடிவீட்டுச் சிறுமி, “கரோல் பாக்ல வாங்கினதாடி?” என்று பொறாமையோடு கேட்டாள். ஒன்பது நாளும் நான் அடிப்படியின் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு வருகைப்பதிவில் ஒரு மாற்றம் நேர்ந்தது. பின் என்றதும் மாமா சாச்சாவிடமிருந்து குழாயை வாங்கி, உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, அதன்பின்னரே தலையசைத்தார். என்மீது நம்பிக்கை இழந்துவிட்டார் என்றே அதற்குப் பொருள் கொண்டேன். அந்தப் பெட்டி திறக்கப்படும்போதெல்லாம் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, அவர் கண்ணில் படுமாறு, எட்டி நிற்பேன்.

பிற்காலத்தில் நான் தில்லிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளரானேன். நாள்தோறும் பதிவேட்டின்மேல் குனிந்து பெயர்களை அழைப்பேன், குரல் வரும், குறியிடுவேன். மாணவியரின் குரல்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்ற செருக்கும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் முதல்வர் என்னை அழைத்தார். மூன்று வாரமாகக் காய்ச்சலில் விடுதி அறையில் கிடந்த பெண்ணொருத்தியை அன்றுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தனர். என் பதிவேட்டிலோ அவள் ஒருநாளும் தவறாமல் வந்திருந்தாள். வருகை குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்களே என்று அவளுடைய தோழி அவள் குரலில் விடைசொல்லி வந்திருக்கிறாள். அத்தோழி முதல்வரின் மேசைமுன் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தாள்.

“தவறு என்னுடையது” என்றேன்.

நான் பெருந்தன்மையோடு பழியை ஏற்கிறேன் என்று அச்சிறுபெண் எண்ணியிருக்கக் கூடும்; நன்றி ததும்ப என்னைப் பார்த்தாள். எனக்கோ அவளைக் காக்கும் எண்ணமே எழவில்லை. என் கண்முன்னே இருந்த வெற்றிருக்கையை மூன்று வாரமாக நான் பார்க்கவில்லை என்ற எண்ணம் ஒன்றே இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

யமுனைக் கரையில் மாமாவும் பொய் சொல்லவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னே கட்டி எட்டி நின்ற அந்தச் சிறுமிக்கு, அவர் உள்ளங்கையில் கொட்டிச் சரிபார்த்தது தம் காதுகளைத்தான் என்று தெரிந்திருக்கவில்லை.